ஹொனாமி சொல்லாத ‘பரவால்ல’

மங்கா என்கிற ஜப்பானியப் படக்கதையில் கால் ஊனமான பெண் ஒருத்தி வரவேண்டுமென்றால் அவளுக்குச் சில தகுதிகள் கட்டாயம். அழகாக இருக்க வேண்டும். மற்றவர்களுக்கு அடிக்காத காற்று அவளுக்கு மட்டும் அடித்து, தலைமுடி ஒரு பக்கமாகப் பறக்க வேண்டும். அவள் வகுப்பறை ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் வெளியே செர்ரிப்பூ உதிர வேண்டும், மாதம் எதுவானாலும். பசி, பல்வலி, அம்மாவோடு சண்டை, பக்கத்து வீட்டுக்காரி மேல் பொறாமை, இதெல்லாம் ஆகாது. பள்ளிக்கூடத்தில் தன்னைப் பாடாய்ப் படுத்தியவன் பிற்பாடு எதிரே வந்து நின்றால், கண்ணில் நீர் தளும்பச் சிரிக்க வேண்டும். இந்தப் பூமியில் அவளுக்கு ஒரே ஒரு வேலைதான். மன்னிப்பது.

தொகிதா ஹொனாமிக்கு இதில் ஒரு தகுதியும் கிடையாது. வயது முப்பத்தாறு. வட்ட முகம். முடியைக் காதோடு கத்தரித்துக்கொண்டவள். புயலே வந்தாலும் பறப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. நீகாதா மாநிலத்தில் ஷிபதா என்கிற ஊரில், பச்சின்கோ சூதாட்டக்கூடத்துக்கும் ராமென் நூடுல்ஸ் கடைக்கும் நடுவே நசுங்கிக்கொண்டு நிற்கும் புத்தகக்கடையில் மங்காப் பகுதி அவள் பொறுப்பு. வலது காலுக்கு நரம்பு பிறவியிலேயே ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. தொடையிலிருந்து செருப்பு வரைக்கும் இரும்புக் காலிப்பர். எட்டு வைத்தால் ‘டக்’ என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் வந்தால் போதும், வார இதழ்களை ஓசியில் நின்றுகொண்டே படிக்கிற பள்ளிக்கூடப் பிள்ளைகள் இதழை வைத்துவிட்டு அகராதிப் பக்கம் நகர்ந்து நல்ல பிள்ளைகள் ஆகிவிடுவார்கள்.

பூவிலோ வானத்திலோ அவளுக்குத் தனி ஈடுபாடு எதுவும் இல்லை. பிடித்தது, நாலு பேர் காய் அடுக்கி ஆடுகிற மாஜோங் சூதாட்டம். அப்பாவோடும் அப்பாவின் இரண்டு சிநேகிதர்களோடும் வெள்ளிக்கிழமை தவறாமல் ஆடுவாள், காய் சரியாக விழாவிட்டால் காது கூசத் திட்டுவாள். படிப்பதும் அதேதான்: மொட்டைத்தலை ரவுடிகள் உயிரைப் பணயம் வைத்து மாஜோங் ஆடுகிற மங்கா. அந்த வரிசையில் யாரும் சீண்டாமல் கிடந்த ஒரு புத்தகத்துக்கு அவள் கைப்பட ஓர் அட்டை எழுதி முன்னால் நட்டு வைத்தாள். ‘இதில் நல்லவர் யாருமே இல்லை. நிம்மதியாகப் படிக்கலாம்.’ புத்தகம் பறந்தது. அதிலிருந்து, ஒரு புத்தகம் ஓட வேண்டுமென்றால் ஹொனாமி அட்டை எழுத வேண்டும் என்பது கடையில் எழுதாத சட்டம்.

அதனால்தான் மேனேஜர் மகிஷிமா அன்று அவளிடம் வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றார். மகிஷிமா, போனில் தலைமை அலுவலகத்தோடு பேசும்போதுகூடக் குனிந்து குனிந்து வணங்குகிற ஆள். கெட்டவர் அல்ல. கெட்டவராக இருப்பதற்கும் கொஞ்சம் முதுகெலும்பு வேண்டுமே.

“தொகிதா சான், மங்கா வரையறாரே குரோஸு சென்ஸெய், அவர் புத்தகத்துக்கு நீங்கதான் அட்டை எழுதணும். நம்ம ஊர்லேர்ந்து போனவர். நாடு முழுக்க அந்தக் கதைதான் இப்ப பேச்சு. அதோட உங்களுக்கு அது… வந்து… கொஞ்சம் நெருக்கமா…”

“எதுக்கு நெருக்கம்?”

“கதைக்கு. கதைக்குத்தான் சொன்னேன்.”

“மாஜோங் புத்தகத்துக்கு எழுதச் சொன்னப்ப, நீங்க ரவுடியான்னு என்னைக் கேக்கலியே.”

மகிஷிமா சிரிப்பதா குனிவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்துவிட்டுப் போனார்.

கடையின் பின்கட்டில் புத்தகங்களுக்குக் கண்ணாடித்தாள் உறை போடுகிற சுடுயந்திரம் இருக்கிறது. மங்காவை உறை போடாமல் அடுக்கினால் பிள்ளைகள் அங்கேயே நின்று முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். உறை போடுவதற்கு முன்பு ஹொனாமி எதையும் ஒருமுறை புரட்டிவிடுவாள். அப்படித்தான் குரோஸு தொமோயாவின் ‘உன் பக்கம் நடக்கிறேன்’ முதல் நான்கு பாகங்களையும் ஒரு மத்தியான இடைவேளையில், ஓநிகிரி சோற்றுருண்டையைக் கடித்துக்கொண்டே படித்தாள். இரண்டாவது பாகத்தில் கடித்ததை விழுங்க மறந்தாள்.

கதாநாயகி கோஹாரு. காலில் காலிப்பர், தலையில் காற்று, ஜன்னலுக்கு வெளியே பூ. ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் அவளைப் பாடாய்ப் படுத்துகிறான். ஒருநாள் காலிப்பரைப் பிடுங்கி ஆற்றில் வீசுகிறான். வீசிய கணமே மனம் பதறி, அவனே ஆற்றில் குதித்து, சுழலில் சிக்கி, காலிப்பரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கரையேறுகிறான். சொட்டச் சொட்ட நிற்கிறவனைப் பார்த்துக் கோஹாரு முழுப்பக்கத்துக்குச் சிரிக்கிறாள். அவனுக்குக் காய்ச்சல். அவனுக்குக் கெட்ட கனவு. அவனை மற்ற பையன்கள் ஒதுக்குகிறார்கள். பெரியவன் ஆனபின் குற்ற உணர்ச்சியில் மொட்டைமாடி மொட்டைமாடியாகப் போய் நிற்கிறான். நான்கு பாகத்திலும் வலி மொத்தமும் அவனுக்கே. காலிப்பர் போனவளுக்கு வலித்ததா என்று விசாரிக்கக் கதையில் ஒருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

காலிப்பரைத்தான் ஹொனாமி முதலில் அடையாளம் கண்டாள். முட்டிக்குப் பக்கத்தில் மூன்று துளை போட்ட தோல்வார், அதில் நடுத்துளை மட்டும் கிழிந்து நீண்டிருக்கும். அது அவளுடையது. குரோஸு அவள் வகுப்பில் படித்தவன்.

நடந்தது வேறு. ஐந்தாம் வகுப்பு, ஜூன் மாதம், பள்ளிக்கூட நீச்சல் குளம். ஹொனாமி காலிப்பரைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கால்களைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குரோஸு அதை எடுத்தான். முதலில் கிதார்போல வாசித்துக் காட்டினான். பிறகு தன் காலில் கட்டிக்கொண்டு ‘டக் டக்’ என்று நடந்து காட்டினான். வகுப்பே உருண்டு புரண்டு சிரித்தது. சிரிப்பு அடங்கப் போகிறதே என்ற கவலையில் அதைக் குளத்தின் ஆழமான பக்கமாக வீசினான். மணி அடித்தது. எல்லோரும் உடை மாற்றப் போய்விட்டார்கள். வெயிலில் கொதித்த சிமென்ட் தரையில், நீச்சலுடையோடு, ஹொனாமி கைகளை ஊன்றித் தவழ்ந்து போனாள். முட்டியும் உள்ளங்கையும் தோலுரிந்தன. கதவுக்குப் பின்னாலிருந்து சில தலைகள் எட்டிப் பார்த்தன, ஒன்றுகூட வெளியே வரவில்லை. யாரும் குதிக்கவில்லை. பள்ளிக்கூடக் காவலாளி, இலை அள்ளுகிற வலையால் காலிப்பரை வெளியே எடுத்துப் போட்டார். தோல் ஊறி வீங்கி, இரும்பு துருப்பிடித்து, அது ஒன்றுக்கும் ஆகாமல் போயிற்று. புதிது செய்து வரும்வரை ஹொனாமி அம்மாவின் முதுகில் பள்ளிக்கூடம் போனாள். பதினோரு வயதுப் பெண், அம்மா முதுகில்.

இதைவிட மோசமானது மறுநாள் நடந்தது.

வகுப்பாசிரியை ஹமுரோ டீச்சர் நல்லவர் என்று ஊரே சொல்லும். அவர் இருவரையும் கரும்பலகைக்கு முன்னால் நிறுத்தினார், காலிப்பர் இல்லாத ஹொனாமியை மேசையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி. இந்தச் சடங்கு அங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் மழலையர் பள்ளியிலிருந்தே மனப்பாடம். தப்பு செய்தவர் “மன்னிச்சுக்கோ” என்று சொல்ல வேண்டும். அடிபட்டவர் “பரவால்ல” என்று சொல்ல வேண்டும். கை குலுக்க வேண்டும். வகுப்பு கை தட்ட வேண்டும். முதல் ஆளுக்காவது எப்படிச் சொல்வது, எந்தத் திசையைப் பார்த்துச் சொல்வது என்பதில் சில வசதிகள் உண்டு. இரண்டாவது ஆளுக்கு ஒரே ஒரு பதில்தான். “யோசிச்சு சொல்றேன்” என்றொரு பதிலை இதுவரை எந்தப் பிள்ளைக்கும் யாரும் கற்றுக்கொடுத்ததில்லை.

“மன்னிச்சுக்கோ” என்றான் குரோஸு, தரையிடம்.

ஹொனாமி வாயைத் திறக்கவில்லை.

அன்று மத்தியானச் சாப்பாடு கரே குழம்பும் சோறும். மாதத்தில் பிள்ளைகள் ஏங்கிக் காத்திருக்கிற நாள். பெரிய பாத்திரத்தில் குழம்பு வந்து இறங்கி, வாசம் மூக்கைத் துளைத்துக்கொண்டிருந்தது. சமாதானம் ஆகாமல் யாரும் சாப்பிட உட்காரக்கூடாது என்றார் டீச்சர். வகுப்பு மொத்தமும் அவளைப் பார்த்தது. குரோஸுவை யாரும் பார்க்கவில்லை. அவன் தன் பங்கைச் சொல்லி முடித்துவிட்டானே!

“சீக்கிரம் சொல்லேண்டி, ஆறுது” என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது.

“பரவால்ல” என்றாள் ஹொனாமி.

கைதட்டல். குரோஸு இரண்டு தட்டு சாப்பிட்டான்.

அடுத்த வாரம் அவளுடைய செருப்பு குப்பைத்தொட்டியில் கிடைத்தது. டீச்சரிடம் போய்ச் சொன்னபோது அவர் தலையைச் சாய்த்து, மிகுந்த அன்போடு கேட்டார்: “அதான் சமாதானம் ஆயிட்டீங்களே, தொகிதா? நீதானே பரவால்லன்னு சொன்ன? சொல்லிட்டு மறுபடியும் மனசுல வச்சுக்கிட்டா எப்படி?” அப்போதுதான் ஹொனாமிக்குப் புரிந்தது, அந்த வார்த்தை குரோஸுவுக்காகக்கூட வாங்கப்படவில்லை என்று. கதவைச் சாத்துவதற்காக வாங்கியது. சாத்தியபின் உள்ளே மாட்டிக்கொண்டது அவள்.

நடுநிலைப்பள்ளிக்குப் பாதி நாள் அவள் போகவில்லை. அப்பா தான் முடிவெட்டிக்கொள்கிற கடையிலிருந்து பழைய மங்கா இதழ்களைக் கேட்டு வாங்கி வந்து போடுவார். சின்னப் பெண்ணுக்கு எது தரலாம், எது கூடாது என்று பார்க்கத் தெரியாத மனிதர். அப்படித்தான் மொட்டைத்தலை ரவுடிகள் அவள் வாழ்க்கைக்குள் வந்தார்கள். அவர்கள் யாரையும் மன்னிக்கவில்லை, யாரும் அவர்களை மன்னிக்கவும் இல்லை; எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டார்கள். ஹொனாமிக்கு மனசு ஆறியது அங்கேதான். பிறகு அஞ்சல்வழியில் படித்தாள், இந்தக் கடையில் சேர்ந்தாள், கார் ஓட்டக் கற்றாள், ஒருவனைக் காதலித்தாள், அவன் மாஜோங்கில் ஏமாற்றுகிறான் என்று தெரிந்ததும் விட்டாள். எல்லோருக்கும் இருப்பதுபோல ஒரு வாழ்க்கை.

ஓநிகிரியை விழுங்கிவிட்டுக் கல்லாவுக்குப் போனாள். கல்லாவில் இருப்பவர் இகராஷி சான். வீட்டுக்காரர் நெல் பயிரிடுகிறார், இவர் பகுதிநேரமாகக் கடைக்கு வந்து முழுநேரமாகப் பேசுகிறார். அறுபதைத் தாண்டியவர். ஹொனாமி நடந்ததைச் சொன்னாள்.

“அப்ப அந்தப் பய ஆத்துல குதிக்கவே இல்லியா?” என்றார் இகராஷி சான். “நான் அந்தப் பக்கத்துல அழுதேனேடி! என் கண்ணீர யாரு திருப்பிக் குடுப்பா?”

“ஆறே இல்ல. நீச்சல் குளம். குதிக்கவும் இல்ல, காய்ச்சலும் இல்ல. மறுநாள் ரெண்டு தட்டு தின்னான்.”

“அட நாசமாப் போறவனே. என்ன பண்ணப் போற?”

“என்ன பண்ண? உறை போட்டு அடுக்கறேன். என் வேலை அது.”

“அட்டை?”

அட்டையும் எழுதினாள். ‘நம்ம ஊர்க்காரர். தண்ணீர் வரைவதில் கெட்டிக்காரர்.’ அதில் பொய் எதுவும் இல்லை. அந்த ஆறு உண்மையிலேயே அழகாக இருந்தது.

விஷயம் அதோடு போயிருக்கும். ஆனால் ஹமுரோ டீச்சர் ஓய்வு பெற்றுவிட்டார், ஓய்வு பெற்ற நல்லவர்களுக்குப் பொழுது நிறைய. உள்ளூர்ச் செய்தித்தாளுக்குப் பேட்டி கொடுத்தார். ‘அந்தக் கோஹாரு நிஜமாகவே இருக்கிறாள். இந்த ஊரிலேயேதான். இருவரையும் என் வகுப்பில் சமாதானம் செய்துவைத்தேன். அவள் அவனை அன்றே மன்னித்துவிட்டாள்.’ பேர் போடவில்லை. ஷிபதாவில் காலிப்பர் போட்ட முப்பத்தாறு வயதுக்காரி எத்தனை பேர் இருப்பார்கள் என்று அவர் யோசித்தாரா, யோசித்துத்தான் சொன்னாரா, தெரியாது.

செய்தி டோக்கியோவுக்குப் போயிற்று. குரோஸு கையெழுத்துப் போட்டுத்தருகிற நிகழ்ச்சி இந்தக் கடையில் நடப்பதாக ஏற்கனவே முடிவாகியிருந்தது. பதிப்பாசிரியை ஷிராதோரி போனில் ஹொனாமியைப் பிடித்தார். பட்டுத் துணியில் சுற்றிக் கொடுத்தது போன்ற குரல்.

“தொகிதா சான், கடைசி பாகம் வசந்தத்துல வருது. புத்தகத்து இடுப்புல காகிதப்பட்டை சுத்துவோம் இல்லையா, அதுல பெரிய ஆளுங்க பாராட்டெல்லாம் போடறதில்லன்னு முடிவு பண்ணியிருக்கோம். நிஜமான கோஹாருவோட வார்த்தை ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு. ‘பரவால்ல.’ அவ்வளவுதான். வாசகர்கள் அழுதுடுவாங்க.”

“நான்?”

“நீங்களும் அழலாம், தாராளமா. சென்ஸெய் கடைசி அத்தியாயத்த வரையாமலே உக்காந்திருக்கார். நீங்க நேர்ல சொன்னாத்தான் கை ஓடும்ங்கறார். நிகழ்ச்சி அன்னிக்கு நாலு பேர் முன்னால சொல்லிட்டீங்கன்னா படமும் எடுத்துக்கலாம்.”

“சொல்லலன்னா?”

அந்தப் பக்கம் பட்டு கொஞ்சம் கசங்கியது. “அப்படி ஒண்ண நாங்க யோசிக்கவே இல்லையே…”

உண்மைதான். யோசிக்கவே இல்லை. கோஹாரு வேண்டாம் என்று சொல்லக்கூடும் என்பது நான்கு பாகத்திலும் யாருக்கும் தோன்றாதபோது ஐந்தாவதில் மட்டும் எங்கிருந்து தோன்றும்?

மகிஷிமா வந்து கெஞ்சினார். “ஒரு வார்த்தைதானே, தொகிதா சான். கடைக்குப் பேரு. தலைமை அலுவலகம் ரொம்ப சந்தோஷமா இருக்கு.”

“ஒரு வார்த்தைதான்னா நீங்க சொல்லுங்களேன்.”

“நான் சொன்னா எப்படி? என் காலிப்பரயா தூக்கிப் போட்டாங்க?”

“இல்லதான.”

நிகழ்ச்சி நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மழை பனியாகலாமா வேண்டாமா என்று தயங்குகிற குளிர். வரிசை பச்சின்கோ வாசல் வரை நீண்டது. பின்கட்டில் சுடுயந்திரத்துக்குப் பக்கத்திலேயே இருந்துவிடுவது என்று ஹொனாமி முடிவு செய்திருந்தாள். ஆனால் சில்லறைப் பிரச்சினை என்று மகிஷிமா கூப்பிட, டக் டக்கென்று வெளியே வந்தாள். சில்லறைப் பிரச்சினை எதுவும் இல்லை. குரோஸு உட்கார்ந்திருந்த மேசைக்கு நேராக அவளைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு மகிஷிமா, தன் வீரத்தைக் கண்டு தானே பயந்தவராக, இரண்டடி பின்வாங்கினார்.

குரோஸு மெலிந்துபோயிருந்தான். நகத்தைக் கடித்துக் கடித்துக் குட்டையாக்கிய விரல்கள். அவளைப் பார்த்ததும் எழுந்தான், நாற்காலி பின்னால் சரிந்து விழுந்தது. இடுப்பை மடித்து, தலை மேசையைத் தொடுகிறமாதிரி குனிந்தான்.

“அன்னிக்கு நான் செஞ்சதுக்கு… மன்னிச்சுக்கோங்க.”

வரிசை முன்னால் நெருக்கியது. செல்போன்கள் உயர்ந்தன. ஷிராதோரி தன்னுடையதை ஏற்கனவே உயர்த்தி வைத்திருந்தார். பக்கத்தில், மூங்கில் இலையில் பொதிந்த டாங்கோ கொழுக்கட்டைப் பெட்டியை மார்போடு அணைத்தபடி, ஹமுரோ டீச்சர். அவர் கண் ஏற்கனவே நனைந்திருந்தது.

“சொல்லும்மா, தொகிதா” என்றார் டீச்சர். “உனக்குத்தான் தெரியுமே.”

எல்லாக் கண்ணும் அவள்மேல். அவனை யாரும் பார்க்கவில்லை. அவன்தான் சொல்லி முடித்துவிட்டானே!

“குரோஸு, தலையத் தூக்கு” என்றாள் ஹொனாமி. “நீ குனிஞ்சே நின்னா எனக்கு உன் முதுகுதான் தெரியுது.”

அவன் நிமிர்ந்தான்.

“ஒண்ணு கேக்கறேன். கோஹாருவுக்கு என்ன புடிக்கும்?”

“புடிக்கும்னா…” அவன் எதிர்பார்க்கவில்லை. “வானம். வானத்தப் பாத்துட்டு இருப்பா.”

“என்ன சாப்பிடுவா?”

அவன் ஷிராதோரியைப் பார்த்தான். ஷிராதோரிக்கும் தெரியவில்லை.

“நாலு பாகம் வரைஞ்சிருக்க. அவ ஒரு வாய் சோறு தின்னு நான் பாக்கல. உனக்குக் காய்ச்சல் வந்தப்ப கஞ்சி மட்டும் கொண்டாந்து தரா. சரி, அத விடு. ஆத்துல நீ எப்ப குதிச்ச?”

“குதிச்சிருக்கணும்னு தோணுச்சு” என்றான் குரோஸு மெதுவாக. “தினமும் தோணும். அதனாலதான் அப்படி வரைஞ்சேன்.”

“குதிச்சிருக்கணும்தான். நான் ஒத்துக்கறேன். ஆனா நீ குதிக்கல. நான் தவழ்ந்து போனேன். நீ கதவுக்குப் பின்னாலேர்ந்து பாத்த. அது ஏன் புத்தகத்துல இல்ல?”

“வரைஞ்சு பாத்தேன். பாக்கவே முடியல, அதான்…”

“வாசகர்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கும்னு நாங்கதான் வேண்டாம்னு சொன்னோம்” என்று ஷிராதோரி குறுக்கே புகுந்தார், போனை இறக்காமலே.

“பாக்கறவங்களுக்குக் கஷ்டம்!” என்றாள் ஹொனாமி. குரல் ஏறிவிட்டது. அகராதிப் பக்கம் நின்றவர்கள்கூடத் திரும்பினார்கள். “தவழ்ந்தவ நான், கஷ்டம் பாக்கறவங்களுக்கா? எனக்காக வரைஞ்சேன்னு பத்திரிகைல சொல்லியிருக்க. எனக்காகன்னா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. ஊர் மாத்தல, வீடு மாத்தல, எங்கப்பா போன் நம்பர்கூட மாத்தல. நீ எல்லாத்தையும் எடுத்துக்கிட்ட. காலிப்பர எடுத்த, அந்தத் தோல்வார எடுத்த. கிழிஞ்ச ஓட்டையக்கூட விடல. மிச்சம் இருக்கறது ஒரு வார்த்தை. அத வாங்கத்தான் இன்னிக்கு வந்திருக்க.”

“நீ சொல்லலன்னா என்னால முடிக்க முடியாது” என்றான் குரோஸு. ‘நீங்க’ காணாமல் போய், ஐந்தாம் வகுப்பு ‘நீ’ வந்துவிட்டிருந்தது. கண் கலங்கியிருந்தது, நடிப்பு இல்லை. அது உண்மைதான். அவன் வருந்தியது உண்மை. ஆனால் வருத்தம் அவனுடைய சொத்து. அதை வைத்துக்கொண்டு அவன் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும். அதற்கு அவள் ஏன் முத்திரை குத்த வேண்டும்?

“முடிக்காத” என்றாள் ஹொனாமி. “எனக்கும்தான் அது இன்னும் முடியல. நான் நடமாடலியா? அன்னிக்கு பரவால்லன்னு சொன்னது குழம்பு ஆறிடும்னுதான். இன்னிக்கு எனக்குப் பசிக்கல. சொல்லமாட்டேன்.”

ஹமுரோ டீச்சர் பெட்டியை இன்னும் இறுக்கி அணைத்தார். “இவ்வளவு வயசாச்சு, தொகிதா. பெருந்தன்மையா இருக்கக்கூடாதா? இந்தப் புள்ள எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கான் பாரு.”

“பாத்தேன் டீச்சர். நாலு பாகமும் பாத்தேன். நான்தான் உறை போட்டேன்.”

“உனக்கு மனசுல இவ்வளவு கசப்பு இருக்கும்னு நான்…”

“நீங்க கேட்டாத்தானே தெரியும்? நீங்க என்னைச் சொல்லத்தான் சொன்னீங்க. கேக்கவே இல்லியே.”

கல்லாவிலிருந்து இகராஷி சானின் குரல் கடையைப் பிளந்தது: “அடுத்தவங்க வாங்க, அடுத்தவங்க! எத்தன நேரம் நிப்பீங்க?”

இதுவே மங்காவாக இருந்திருந்தால் இந்த இடத்தில் இரண்டு பக்கத்துக்கு மழை பெய்திருக்கும். கடையில் அடுத்த ஆள் முன்னால் நகர்ந்தார். மகிஷிமா நாற்காலியைத் தூக்கி நிறுத்தினார். குரோஸு உட்கார்ந்து, பேனா மூடியைத் திறந்து, “உங்க பேரு?” என்று கேட்டான். ஹொனாமி பின்கட்டுக்குப் போய் யந்திரத்தைப் போட்டாள். முதலில் போட்ட இரண்டு புத்தகத்தின் உறை கருகிப்போயிற்று.

வசந்தத்தில் கடைசி பாகம் வந்தது. குரோஸு முடித்துவிட்டான். யாராவது முடிக்கச் சொல்லியிருப்பார்கள். கோஹாரு பாலத்தின்மேல் நிற்கிறாள், காற்று அடிக்கிறது, அவன் குனிகிறான், அவள் அழுதுகொண்டே சிரிக்கிறாள், மன்னிக்கிறாள். காகிதத்தில் இருப்பவளுக்கு வேறென்ன வழி இருக்கிறது?

அதைப் பார்த்து ஹொனாமிக்கு ஆச்சரியம் ஏதும் இல்லை. பெட்டியிலிருந்து எடுத்த புத்தகத்தைப் புரட்டி முடித்து, இடுப்பில் சுற்றியிருந்த பட்டையைப் படித்தபோதுதான் உடம்பு முழுக்கக் கொதித்தது. இளஞ்சிவப்புப் பட்டை. வெள்ளை எழுத்து.

‘“பரவால்ல” என்று அவள் அன்றே சொன்னாள். நான் என் காதால் கேட்டேன். — இருவரின் வகுப்பாசிரியை.’

அவள் தரமாட்டேன் என்றதும், ஏற்கனவே பிடுங்கியதையே துடைத்து எடுத்துப் போட்டுவிட்டார்கள். பதினோரு வயதுப் பெண்ணிடம், குழம்புப் பாத்திரத்துக்கு முன்னால் நிறுத்திவைத்து வாங்கிய வார்த்தை. அதற்குச் சாட்சி, வாங்கிய டீச்சரே!

ஹொனாமி பட்டையை உருவி எடுத்தாள். அடுத்த புத்தகத்திலும். அதற்கடுத்ததிலும். இகராஷி சான் எட்டிப் பார்த்தார், பட்டையைப் படித்தார், கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார், முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தானும் உருவ ஆரம்பித்தார். உருவியதும் உறை, உறை போட்டதும் அடுக்கு. மகிஷிமா வந்தபோது கீழே இளஞ்சிவப்புக் குப்பை முழங்கால் உயரத்துக்குக் குவிந்திருந்தது.

“பட்டை?” என்றார் மகிஷிமா. “கிழிஞ்சு வந்துச்சா?”

“இல்ல. நல்லாத்தான் வந்துச்சு. நான் கழட்டினேன்.”

“பதிப்பகத்துலேர்ந்து வந்து பாத்தா நான் என்ன சொல்றது? தலைமை அலுவலகம் கேட்டா?”

“தொகிதா கழட்டினான்னு சொல்லுங்க. நான் ஒளிக்கல.”

மகிஷிமா ஒரு பட்டையைக் குனிந்து எடுத்துப் படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு கடையைத் திறக்க நேரமாகிவிட்டது என்று மட்டும் சொல்லிவிட்டு, அந்தப் பட்டையை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

அன்று முதலில் வந்தவள் ஒரு கல்லூரிப் பெண். முன்வரிசையில் இருந்த ஐந்தாம் பாகத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இதுக்குப் பட்டை இருக்குமே? பட்டை இல்லாம வாங்கினா என் வரிசைல ஒண்ணு மட்டும் மொட்டையா நிக்கும்.”

“இங்க பட்டை கிடையாது” என்றாள் ஹொனாமி.

“ஏன்?”

“அதுல இருக்கறது நான் சொன்னது. விக்கறதுக்கு இல்ல.”

அந்தப் பெண்ணின் பார்வை ஹொனாமியின் முகத்திலிருந்து காலிப்பருக்கு இறங்கி, மறுபடி முகத்துக்கு ஏறியது. புத்தகத்தை இருந்த இடத்தில் வைத்தாள். மன்னிப்பு கேட்க வாயெடுத்தாள் என்பது தெரிந்தது. ஹொனாமி அதற்கு முந்திக்கொண்டாள்.

“பட்டையோட வேணும்னா ஸ்டேஷன் எதிர்ல ஒரு கடை இருக்கு. நேரா போய் இடதுபக்கம் திரும்புங்க. மழை ஈரம், வழுக்கும், பாத்துப் போங்க.”